குழாய் நல்லாத்தான் இருக்கு

"கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேட்காததையெல்லாம் நீயா எடுத்து..."

"அப்ப கேட்டா சொல்லலாமா?"

"கேட்டாலும், யாரும் எங்ககிட்ட எதுவும் சொல்லலைன்னு..."

"இப்பத்தானே கேட்டா சொல்லுன்னே?"

"பாப்பா, என் வாயைக் கிளறாதே!" என்றார் அண்ணன்.

"நான் எங்கே கிளறினேன்? நீதான் விடிஞ்சதிலேர்ந்து..."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாரு பேச்சைக் கேட்கிறது?" என்றாள் அண்ணி.

அவள் கையில் கரண்டி. கண் இவர்கள் மேல். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீயை அணைத்தே விட்டிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன்தான் முதலில் பாய்ந்தார். அடுப்பின் திருகைத் திருப்பினார். சன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். பிறகு அந்தச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

போன வாரம் இதே பால் இதே மாதிரி பொங்கியிருந்தால் அண்ணியின் தலையில் ஒரு கிண்டல் விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு என்கிற சாமானே இல்லை.

மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் இளம் தம்பதி. அவன் பேக்கரியில் ராத்திரி வேலை. தெருவுக்கே அவன் ரொட்டிக்காரன். அவன் மனைவியைச் சிட்டு என்று கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அவள் சிட்டு ஆகிவிட்டாள். ஞாயிறு காலை அவன் வேலை முடிந்து, சூடு ஆறாத ரொட்டியோடு படியேறினான். குளியலறைக் கதவு உள்ளே தாழ். தண்ணீர் விழுகிற சத்தம். கூப்பிட்டான், பதில் இல்லை. அவன் போட்ட கூச்சலில் அண்ணன் மேலே ஓடினார். இரண்டு பேருமாகத் தோள் கொடுத்துக் கதவை உடைத்தார்கள். வெந்நீர் போடும் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது. சிட்டு தரையில் கிடந்தாள். உயிர் இருந்தது; நினைவு இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

அவளைப் போர்வையில் சுற்றிக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கியவர் அண்ணன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பெற்ற மகளைத் தூக்குவதுபோல்தான் தூக்கினார்.

"இதோ பாரு, பாப்பா." அவர் குரலை இறக்கினார். "இன்னிக்குக் கேஸ் ஆபீஸ்லேர்ந்து ஆள் வருது. குடியிருந்தவங்க முன்னாடியே ஏதாவது சொன்னாங்களான்னு கேட்பாங்க. சொல்லியும் நாம கவனிக்கலைன்னா அது ஒரு கேஸு. சொல்லவே இல்லைன்னா அது வேற. புரியுதா?"

"குழாய் அடைச்சிருக்குன்னு சொன்னாளே, அண்ணா."

"அது தண்ணிக் குழாய்! பிளம்பர் வந்து பார்த்தான். நல்லா இருக்குன்னுட்டுப் போனான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிற சிக்கல் போதாதா, நீ வேற ஒரு முடிச்சுப் போடணுமா?"

பாப்பா வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதாகியும் அவள் அந்த வீட்டில் பாப்பாதான். அப்பா விட்டுப் போன வீடு, இரண்டு பேர் பெயரிலும். சுவரும் கூரையும் அண்ணன் பாடு. குடித்தனக்காரர்கள், ஃபோன், புகார், சமாதானம் எல்லாம் பாப்பா பாடு. பகலெல்லாம் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பாள். வருகிறவர் மூக்கில் அந்தக் கனத்த வளையத்தை மாட்டி, சில்லு மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல அதுவா?" என்று கேட்பதுதான் அவள் வேலை.

அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். போன வாரம் நடு வாரத்தில் ஒரு நாள். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் சிட்டு. பாத்ரூம்ல குழாய் அடைச்சிருக்கு போல. யாரையாவது வந்து பார்க்கச் சொல்லுங்களேன்."

"சரிம்மா, ஆள் அனுப்பறேன். சார், இது தெளிவா, இல்ல அதுவா?"

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம்..."

"அனுப்பறேன்னு சொல்றேன்ல? வச்சிரு."

மறுநாள் மதியம் பிளம்பர் வந்தான். மாடியில் யாரும் இல்லை. சிட்டு வேலைக்குப் போயிருந்தாள், ரொட்டிக்காரன் எங்கேயோ வெளியில். பாப்பா கடையிலிருந்து வந்து மாற்றுச் சாவி போட்டுத் திறந்துவிட்டாள். பிளம்பர் ஒவ்வொரு குழாயாகத் திறந்தான். தண்ணீர் கொட்டியது.

"குழாய் ஜம்முன்னு இருக்கு, அம்மா. அடைப்பு உங்க குடித்தனக்காரங்க காதுல இருக்கோ என்னமோ."

பாப்பா சிரித்தாள். அன்று சாயங்காலமே சிட்டுவுக்கு ஃபோன் போட்டாள். "குழாய் பார்த்தாச்சும்மா. நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா!" என்றாள் சிட்டு. "பயந்துட்டே இருந்தேன், அக்கா."

அந்த ஒரு சொல் பாப்பாவின் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. தண்ணீர்க் குழாய் அடைத்தால் எரிச்சல் வரும், சலிப்பு வரும். பயம் எதற்கு வரவேண்டும்? அன்றைக்கு அது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. இப்போது படுத்தால் அதுதான் கேட்கிறது. ஆனாலும் அது எதைச் சொல்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இன்று விடியற்காலையில் அவள் வாசல் தெளிக்க வந்தபோது, அண்ணன், வீட்டுப் பக்கத்துச் சந்தில் தனியாக நின்று, கழுத்து வலிக்க மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவள் காலடி கேட்டதும் செருப்பில் ஏதோ ஒட்டியதுபோல் குனிந்துகொண்டார். மாடியில் எதையும் தொடக்கூடாது என்று போலீஸில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவரும் தொடவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏங்க, வண்டிச் சத்தம்," என்றாள் அண்ணி.

~

கேஸ் ஆபீஸிலிருந்து வந்தது ஒரு பெண் அதிகாரி. தோளில் பை, கையில் கருவிப் பெட்டி, மூக்கில் சளி. "உங்க தெருவுல வண்டி நிறுத்த இடம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போச்சு," என்றபடியே படியேறினாள். பின்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் பாப்பா, அண்ணி.

உடைந்த கதவு ஒரு கீலில் தொங்கியது. சோப்புப் பெட்டியில் ஒரு தலைமுடி சுற்றிக்கொண்டு கிடந்தது. வாசலில் அந்த ரொட்டிப் பொட்டலம், கீழே விழுந்த இடத்திலேயே, எறும்பு மொய்த்துக்கொண்டு.

"ஒரு வாடையும் வரலைங்க அன்னிக்கு," என்றாள் அண்ணி. கேட்காமலே சொன்னாள். "கேஸ் வாடை வந்திருந்தா கீழே எங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"கேஸ் கசிஞ்சாத்தான் வாடை வரும். இது கசியல. இது எரிஞ்ச புகை." அதிகாரி மூக்கை உறிஞ்சினாள். "சரியா எரியாத புகைக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. பக்கத்துல நின்னாக்கூடத் தெரியாது. முதல்ல தலை வலிக்கும், அப்புறம் கிறுகிறுக்கும், அப்புறம் விழுந்துடுவாங்க. கீசர் யாரோடது?"

"எங்களோடதுதான். குடிவந்தப்பவே சுவத்துல இருந்தது," என்றார் அண்ணன்.

"அப்ப அது உங்க பொறுப்பு. அதுக்கு வர்ற கேஸ் லைனும் உங்க பொறுப்பு. அடுப்பு?"

"அவங்க கொண்டு வந்தது."

"அது மட்டும்தான் அவங்களோடது. வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டுக் கீசரைப் பார்க்கச் சொல்லணும். கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான் பார்த்தேன்."

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"பஸ் டிரைவருங்க. இப்ப ரிட்டயர்டு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறுன்னு சொல்லிடுவேன். இதையும் மாசாமாசம் காதை வச்சுக் கேட்பேன். சத்தம் சரியாத்தான் இருந்தது."

"சார், நான் பஸ் ஓட்டினா நீங்க ஏறுவீங்களா?"

அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீசரின் முன்மூடியைக் கழற்றினாள். உள்ளே கரி. விரலால் தொட்டுப் பார்த்தாள், விரல் கறுத்தது. கம்பியின் நுனியில் மாட்டிய சின்னக் கண்ணாடியைக் கீசரின் தலைக்குமேல் நீட்டினாள். அங்கிருந்து ஒரு தகரக் குழாய் வளைந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. பாப்பா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதற்குப் பெயர் உண்டா என்று யோசித்ததே இல்லை.

"வெளிப்பக்கம் எங்கே வருது இது?"

"சந்துல," என்றார் அண்ணன்.

சந்துக்கு இறங்கினார்கள். சுவர் புதுசு போலச் சந்தன நிறத்தில் மின்னியது. அண்ணன் ஆசை ஆசையாகப் பூசிய சுவர். மேலே, மாடிக் குளியலறைக்கு நேராக, அந்தத் தகரக் குழாயின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு வட்டத் தகரம், கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் குழாயை யாரு அடைச்சது?"



குழாய். அடைச்சது.

பாத்ரூம்ல குழாய் அடைச்சிருக்கு போல, அக்கா. தண்ணீர் வருவதும் குழாய்தான். புகை போவதும் குழாய்தான். சிட்டு சரியாகத்தான் சொன்னாள். தலை வலித்திருக்கும், கிறுகிறுத்திருக்கும், அண்ணாந்து பார்த்திருப்பாள், சொல்லத் தெரிந்த சொல்லைச் சொன்னாள். இவள் பிளம்பரை அனுப்பினாள். தண்ணீரைத் திறந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். அந்தப் பெண் அப்பாடா என்று மூச்சு விட்டாள். பயத்தை விட்டாள். இவள் வார்த்தையை நம்பித்தான் கீசரைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு...

"உங்களைத்தான் சார் கேட்கிறேன். பெயின்ட் டப்பா மூடி மாதிரி இருக்கே?"

"தெரியலைங்க," என்றார் அண்ணன்.

பாப்பா திரும்பி அவரைப் பார்த்தாள்.

சிட்டு ஃபோன் போட்டதற்குச் சில நாள் முன்பு, பெயின்ட் அடித்த கையோடு, புகை கக்கிக் கக்கி அந்த இடத்தில் சுவர் கறுத்து வழிய ஆரம்பித்திருந்தது, மை கலைந்த கண் மாதிரி. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு ஒரு தொப்பி போட்டாத்தான் சரிப்படும்" என்று ஏணியைத் தூக்கி வந்து சாய்த்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பாப்பா. "பார்த்துண்ணா, குழாய்க்குத் தொப்பி போடப் போய் உனக்குக் கட்டுப் போடும்படி ஆயிடப்போகுது" என்று கேலி வேறு பேசினாள்.

"மேல இருக்கிறவங்க போட்டிருக்கலாம்," என்றார் அண்ணன்.

"அவங்க எதுக்குப் போடணும்?"

"அந்தப் பையன் ராத்திரி வேலை, பகல்ல தூங்கறவன். புறா வந்து உட்காருது, சத்தத்துல தூக்கம் போகுதுன்னு சொல்லிட்டே இருப்பான்."

ரொட்டிக்காரன் புறாவைப் பற்றிச் சொன்னது உண்மைதான். சிரித்துக்கொண்டே, எப்போதோ ஒரு தடவை. அந்த ஒரு பிடி உண்மையைக் கொண்டு அண்ணன் எவ்வளவு பெரிய பொய்க்குப் பூச்சுப் பூசுகிறார் என்று பார்த்து பாப்பாவுக்குத் தலை சுற்றியது.

"அப்படின்னா அவரைத்தான் விசாரிக்கணும்," என்றாள் அதிகாரி. "தெரிஞ்சோ தெரியாமலோ, போட்டவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். அந்த அம்மாவுக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆயிட்டா இது வேற மாதிரி போயிடும். ஏணி இருக்கா? நான் அதைக் கழட்டி எடுத்துட்டுப் போறேன்." பிறகு பாப்பா பக்கம் திரும்பினாள். "குடித்தனக்காரங்களோட பேசறது நீங்கதான்னு சொன்னாங்க. தலைவலி, மயக்கம், புகை சரியாப் போகலை... இந்த மாதிரி ஏதாவது உங்ககிட்ட சொன்னாங்களா, மேடம்?"

அண்ணன் அவளைப் பார்த்தார். அதட்டுகிற பார்வை இல்லை. அதட்டியிருந்தால் அவள் எதிர்த்திருப்பாள். ஓட்டுகிற பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்துபோன டிரைவரின் பார்வை அது.

"இல்ல," என்றாள் பாப்பா.

ஒரே சொல். அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

ஏணியை அண்ணன்தான் கொண்டு வந்தார். அதே ஏணி. பழக்கதோஷத்தில் பாப்பாவின் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

~

"ஏணியைப் பிடிச்சது நீ," என்றாள் அண்ணி.

அதிகாரி போய்விட்டிருந்தாள். அண்ணன் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சமையலறையில் இவர்கள் இருவர் மட்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிற ரொட்டிக்காரனுக்குக் கொடுக்க அண்ணி ஃபிளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும், அண்ணி."

"அந்த மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்."

பாப்பா அடுப்பில் காய்ந்திருந்த பாலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சா செஞ்சார்? சுவர் அழுக்காயிடக் கூடாதுன்னு செஞ்சார். ஒரு எறும்பை மிதிக்க மாட்டாரே, பாப்பா, அந்த மனுஷன்."

"எறும்பை மிதிக்க மாட்டார், அண்ணி. அந்தப் பையனைப் பிடிச்சுக் கொடுத்துட்டாரே."

"மெதுவாப் பேசு."

"ஏன், அவருக்குத்தான் காது நல்லாக் கேட்குமே. எஞ்சின் சத்தமெல்லாம் கேட்குமே."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

அண்ணி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். திருகி, மறுபடி திறந்து, மறுபடி திருகினாள். "அவர் உள்ளே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நீ எங்கே போய் நிப்பே? நல்ல நாள்லயே உனக்கு ஆதரவா பேச இந்த வீட்டைத் தவிர ஒரு நாதி கிடையாது. அதை நினைச்சுத்தான் அவர்..."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

"இழுக்கல. நீயும் இதே வண்டியிலதான் உட்கார்ந்திருக்கே. அதைச் சொன்னேன்." ஃபிளாஸ்க்கை அவள் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "பாப்பா... அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்?"

"ஏன்?"

"சும்மாக் கேட்டேன்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? அண்ணிக்கே தெரியும். பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டாள். சந்து வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.

~

ஆஸ்பத்திரியில் அந்த வார்டுக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் சிட்டு. மூக்கிலும் வாயிலும் குழாய்கள். இங்கேயும் குழாய். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதுவே வந்து நிற்கிறதே என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். நாளெல்லாம் ஓயாமல் பேசுகிற அந்த வாய், பிளாஸ்திரி ஒட்டி, அசையாமல் கிடந்தது.

ரொட்டிக்காரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே சட்டை. நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"உட்காரு, தம்பி. டாக்டர் என்ன சொன்னார்?"

"பொறுத்துப் பார்க்கணுமாம், அக்கா. கண்ணு முழிச்சாலும் பழைய மாதிரி இருப்பாளான்னு சொல்ல முடியாதாம். மூளைக்குக் காத்துப் போகாம இருந்திருக்காம்." ஃபிளாஸ்க்கை வாங்கிப் பெஞ்சில் வைத்தான், திறக்கவில்லை. "உங்க அண்ணன் எப்படி இருக்கார்? அன்னிக்கு அவர் மட்டும் இல்லேன்னா கதவைக்கூட நான் உடைச்சிருக்க மாட்டேன். என் கை காலெல்லாம் விளங்காமப் போயிடுச்சு."

பாப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் ஆறலை, அக்கா," என்றான் அவன். "இவளுக்கு வாய் இருக்கே! குழம்புல உப்பு ஒரு கல் குறைஞ்சா தெருமுனை வரைக்கும் கேட்கும். என் சட்டையில பட்டன் போனா அதை ரெண்டு நாள் பேசுவா. இதை ஏன் வாயைத் திறந்து சொல்லலை? தலைவலின்னா. வெயில்ல போயிட்டு வந்திருப்பேன்னு நான் சொன்னேன். சரின்னுட்டா. ஏதோ சரியில்லைன்னு அவளுக்குத் தோணாமயா இருந்திருக்கும்? கீழேதானே இருக்கீங்க நீங்க? ஒரு வார்த்தை உங்ககிட்டச் சொல்ல என்ன கேடு இவளுக்கு?"

கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "மூணு நாளா இவளை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருக்கேன், அக்கா. இப்படிக் கிடக்கிறவளைத் திட்டறேன், பாருங்க."

அண்ணனின் முகம் வந்தது. அண்ணியின் கை வந்தது. ஏணியும் வந்தது. அதையெல்லாம் தள்ளிக்கொண்டு சிட்டுவின் குரல் முன்னால் வந்து நின்றது. அப்பாடா, பயந்துட்டே இருந்தேன், அக்கா.

"தம்பி, அவ சொன்னா."

"யாரு?"

"சிட்டுதான். எங்கிட்டச் சொன்னா. போன வாரம் கடைக்கு ஃபோன் போட்டா. பாத்ரூம்ல குழாய் அடைச்சிருக்குன்னு."

அவன் புருவத்தைச் சுருக்கினான். பிறகு முகம் தெளிந்தது. "ஓ, அதுவா? எங்கிட்டயும் சொன்னா. ஆள் வந்து பார்த்துட்டுப் போயாச்சு, நல்லா இருக்காம்னு. தண்ணி நல்லாத்தானே வருது, எதுக்கு ஆளுன்னு நினைச்சேன், விட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

காலையில் அண்ணன் கேட்ட அதே கேள்வி. இவள் செய்த அதே தப்பை இவனும் செய்கிறான். இவனுக்கும் குழாய் என்றால் தண்ணீர்தான். ஆமாம்ப்பா, சம்பந்தமில்லைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

இது தெளிவா, இல்ல அதுவா?

"தண்ணிக் குழாய் இல்லப்பா," என்றாள் பாப்பா. "புகை போற குழாய். கீசர் மேல தகரத்துல இருக்கே, அது. அதைத்தான் அவ சொல்லியிருக்கா. நான் தண்ணிக் குழாய்னு நினைச்சு பிளம்பரை அனுப்பினேன். அவன் தண்ணியைத் திறந்து பார்த்துட்டு நல்லா இருக்குன்னான். நான் அதை அப்படியே அவகிட்ட... குழாய் பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அவ நம்பிட்டா, தம்பி. நான் சொன்னதை நம்பித்தான் குளிக்கப் போனா."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் அசையவில்லை. ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு அவர்களைக் கடந்து போனாள். சக்கரம் ஒன்று கிறீச் கிறீச்சென்று நடைபாதைக் கோடி வரைக்கும் கேட்டது.

"அப்ப சொல்லியிருக்கா," என்றான்.

"ஆமா."

"சொல்லியிருக்காளா, அக்கா?"

"சொன்னாப்பா. சீக்கிரம் அனுப்புங்கன்னுகூடச் சொல்ல வந்தா. நான்தான் ஃபோனை வச்சேன்."

அவன் எழுந்து போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "சொல்லியிருக்கேடி நீ," என்றான் கண்ணாடியைப் பார்த்து. "வாயாடி, சொல்லத்தான் செஞ்சிருக்கே. நான்தான்டி உன்னை..."

அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பாப்பாவைக் கொன்றது. மூன்று நாளாகச் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தான் அவன்.

"நல்லவேளை வந்து சொன்னீங்க," என்றான். "வேற யாராவதா இருந்தா மென்னு முழுங்கியிருப்பாங்க. தப்பாப் புரிஞ்சுக்கறது எல்லாருக்கும் நடக்கிறதுதானே, அக்கா? நானும் இப்பத் தண்ணின்னுதானே நினைச்சேன்?"

பாப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். "சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. காலையில கேஸ் ஆபீஸ் மேடம் வந்து பார்த்தப்ப ஏதோ குழாய் வாயில மூடி இருந்துச்சாம். நான்தான் போட்டேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எந்தக் குழாய், எந்த மூடின்னே எனக்குத் தெரியலை. இவளை விட்டுட்டு எப்படிப் போறது, போனா திரும்பி விடுவாங்களான்னு உட்கார்ந்திருந்தேன். இனிமே பயமில்லை."

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவன் அவளுக்கு நேராக வந்து உட்கார்ந்தான்.

"இதையெல்லாம் காலையிலயே அந்தக் கேஸ் ஆபீஸ் மேடம்கிட்டச் சொல்லிட்டீங்கதானே, அக்கா?"